சிவப்புக்கு 21 சதவீதம் என்று யார் சொன்னது?

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை உங்கள் வணிகப் பக்கத்தில், இணையதள விளம்பரத்துக்கு எந்த நிறம் வைத்தால் எவ்வளவு பேர் கிளிக் செய்வார்கள் என்று ஒரு கட்டுரை வந்திருந்தது. சிவப்பு என்றால் 21 சதவீதம் கூடுதல், நீலம் நம்பிக்கை தரும், பச்சை மனதைக் குளிர்விக்கும், ஆரஞ்சு அவசரப்படுத்தும் என்று கட்டம் கட்டிப் போட்டிருந்தீர்கள். எங்கள் தெருவில் கல்யாணப் பத்திரிகை ஆர்டர் பிடிக்கிற தம்பி ஒருவர் காலையில் அதைப் படித்தார். மதியச் சாப்பாட்டுக்குள் தன் இணையதளத்தில் இருந்த பட்டன், பேனர் அத்தனையையும் சிவப்பாக்கிவிட்டார். மங்கலகரமாக இருக்கட்டும் என்று அவருடைய தளம் ஏற்கெனவே குங்குமச் சிவப்பு. எதைத் தொட்டால் ஆர்டர் போகும் என்று இப்போது அவரே தேட வேண்டியிருக்கிறது.

நான் சிவகாசியில் 34 வருடம் ஆப்செட் மெஷினில் நின்றவன். தீப்பெட்டி லேபிள், பட்டாசுப் பெட்டி, தினசரி காலண்டர், நோட்டு அட்டை என்று அடிக்காத ஐட்டம் இல்லை. இணையம் எனக்குப் புதுசு. மருமகள் 2018-இல் கோலங்களுக்கென்று ஒரு தளம் தொடங்கினாள். நம் தளத்தில் விளம்பரம் காட்டி அதற்குக் காசு தரும் கூகுளின் ஆட்சென்ஸ், தமிழ்ப் பக்கங்களுக்கும் விளம்பரம் தர ஆரம்பித்த வருடம் அது. மெஷினை விட்டு இறங்கிய பிறகு ரங்கோலிக்கு நிறம் பார்ப்பதும் பேனர் செய்வதும் என் வேலையாகிவிட்டது.

முதலில் அந்த 21-ஐப் பார்ப்போம். அமெரிக்காவில் பெர்ஃபார்மபிள் என்ற சின்ன நிறுவனம், தன் பக்கத்தில் இருந்த ஒரே பட்டனைப் பாதிப் பேருக்குப் பச்சையிலும் பாதிப் பேருக்குச் சிவப்பிலும் காட்டிப் பார்த்தது. சிவப்புக்கு 21 சதவீதம் கூடுதலாகக் கிளிக் விழுந்தது. அந்த நிறுவனத்தை வாங்கிய ஹப்ஸ்பாட் 2011-இல் அதை வெளியிட்டது. மொத்தம் 2,000 சொச்சம் பார்வைகளை வைத்துச் செய்த சோதனை. உங்கள் கட்டுரையில் விட்டுப்போன சங்கதி என்னவென்றால், அந்த நிறுவனத்தின் லோகோ பச்சை. பக்கத்திலும் பச்சைதான் அதிகம். பச்சைக்கு நடுவே பச்சைப் பட்டனை வைத்தால் அது எங்கே தெரியும்? சிவப்பு ஜெயித்தது என்பதைவிடப் பச்சைக்குள் பச்சை காணாமல் போனது என்று சொல்லலாம். சோதனையைப் பற்றி எழுதியவர்களே, இதைப் பார்த்துவிட்டு உங்கள் பட்டன்களைச் சிவப்பாக்கக் கிளம்பாதீர்கள், உங்கள் பக்கத்தில் நீங்களே சோதித்துப் பாருங்கள் என்றுதான் எழுதியிருந்தார்கள்.

மெஷினில் நின்றவர்களுக்கு இது பாலபாடம். எங்கள் பார்ட்டி ஒருவர் மூன்று வருடமாகக் காலண்டரில் வெள்ளைப் பின்னணி, சிவப்பு எழுத்து என்று கடைப் பெயர் போட்டு வந்தார். நான்காம் வருடம் பின்னணியைப் பச்சையாக்கச் சொன்னார். அடித்துக் கொடுத்ததும் கடையைப் பூட்டிவிட்டு நேராகப் பிரஸ்ஸுக்கே வந்துவிட்டார். "போன வருஷம் போட்ட சிவப்பு இது இல்ல. கண்ணக் குத்துது. மட்டமான மையப் போட்டுட்டீங்க" என்றார். அதே கம்பெனி, அதே டின் மை. ஒரு வெள்ளை அட்டையில் ஒரு ரூபாய் அளவுக்கு ஓட்டை வெட்டி, இரண்டு வருடத்துக் காலண்டர் மீதும் மாறி மாறி வைத்துக் காட்டினேன். ஓட்டை வழியாகப் பார்த்தால் இரண்டும் ஒரே சிவப்பு. அட்டையை எடுத்தால் வேறு வேறு. மனுஷன் ஐந்து நிமிடம் வைத்தும் எடுத்தும் பார்த்துவிட்டுச் சிரித்துவிட்டார். பில்லில் மட்டும் கொஞ்சம் குறைத்துக்கொண்டுதான் போனார்.

இதைக் கண்டுபிடித்தவன் நானில்லை. பிரான்சில் ஷெவ்ரல் என்ற வேதியியலாளர் கோபெலின் நெசவுக்கூடத்தில் சாயப் பிரிவைப் பார்த்துக்கொண்டிருந்தார். கறுப்பு நூல் வெளிறித் தெரிகிறது என்று அவருக்குப் புகார் வந்துகொண்டே இருந்தது. சாயத்தில் குறையில்லை, பக்கத்தில் நெய்த நிறம்தான் அப்படிக் காட்டுகிறது என்று 1839-இல் விளக்கமாக எழுதி வைத்தார். எந்த நிறத்துக்கு எத்தனை கிளிக் என்று கட்டம் போடுகிறவர்கள் பக்கத்து நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை எழுதுவதில்லை.

எங்கள் தளத்தில் புள்ளிக் கோலப் பக்கங்கள் செம்மண் நிறத்தில் இருக்கும், மேலே வெள்ளைக் கோடு. அங்கே சிவப்பு, காவி பேனர் வைத்தால் மண்ணோடு மண்ணாகப் போகும். ரங்கோலிப் பக்கத்தில் கதையே வேறு. மயில் கழுத்து நீலம், தாமரைக்கு ரோஸ், கரைக்குக் கிளிப்பச்சை என்று எல்லாம் அங்கேயே இருக்கிறது. மூன்று நாள் மெனக்கெட்டு ஐந்து வண்ணத்தில் நான் செய்த பேனர், அந்தப் பக்கத்தில் ரங்கோலியின் ஒரு மூலை போலவே கிடந்தது. மருமகள் வெள்ளைப் பின்னணியில் கறுப்பு எழுத்து மட்டும் வைத்து ஒன்று செய்தாள். அது பளிச்சென்று தெரிந்தது. 34 வருடம் நிறத்தோடு குடித்தனம் நடத்தியவனுக்கு இது கொஞ்சம் அவமானம்தான்.

போனின் டார்க் மோடு வேறு இருக்கிறது. மார்கழி வந்துவிட்டால் எங்கள் தளத்துக்கு ராத்திரி ஒன்பதரைக்கு மேல்தான் கூட்டம். பாத்திரம் கழுவி முடித்து, காலையில் வாசலில் என்ன போடலாம் என்று விளக்கை அணைத்துவிட்டுப் பார்க்கிறார்கள். அந்த நேரத்தில் பக்கமெல்லாம் கறுப்பாகி நம் பேனர் மட்டும் வெள்ளையாக இருந்தால் டார்ச் அடித்ததுபோல் இருக்கும். பகலில் அமைதியாக இருந்த அதே பேனர்தான். நிறத்தை மார்கழி முதல் தேதி மாற்றிவிட்டு, கிளிக் கூடிவிட்டது, புது நிறம் வேலை செய்கிறது என்று சொல்வதும் தப்பு. வருகிற ஆளும் நேரமும் போனும் எல்லாமே அன்றோடு மாறிவிடுகின்றன. பழைய நிறத்தையும் புதிய நிறத்தையும் ஒரே சமயத்தில், சீட்டுக் குலுக்கிப் போட்டதுபோல ஆளுக்கு ஒன்றாகக் காட்டி எண்ண வேண்டும்.

அப்படி எண்ணினாலும் எவ்வளவு எண்ண வேண்டும் என்று ஒன்று இருக்கிறது. அதை மருமகள் எனக்குப் புரியவைத்த விதத்தை எழுதியே ஆக வேண்டும்.

நாங்கள் கோல நோட்டு ஒன்று அடித்து விற்கிறோம். அதற்கான பேனரைச் சிவப்பில் ஒன்று, மஞ்சளில் ஒன்று என்று செய்து கொடுத்தேன். ஒரு வாரம் கழித்து, "மாமா, ஒண்ணுக்கு 29 கிளிக், இன்னொண்ணுக்கு 19. எது எதுன்னு சொல்லுங்க பாப்போம்" என்றாள். நான் யோசிக்கவே இல்லை. 29 மஞ்சள்தான் என்றேன். மஞ்சள் தூரத்திலிருந்து கண்ணை இழுக்கும், மஞ்சள் மேல் கறுப்பு எழுத்துப்போல் படிக்கத் தோதானது வேறில்லை, கோலம் பார்க்க வருகிற பெண்களுக்கு மஞ்சள் மங்கலம் என்றெல்லாம் பத்து நிமிடம் பேசினேன். பேரன்கூட விளையாட்டை விட்டுவிட்டுக் கேட்டான். நான் முடிக்கும்வரை காத்திருந்துவிட்டு அவள் சொன்னாள்: "ரெண்டுமே மஞ்சள்தான் மாமா. சிவப்பை நான் ஏத்தவே இல்ல."

அவள் பி.எஸ்சி. புள்ளியியல் படித்தவள். ஒரே பேனரை இரண்டு பெயரில் வைத்து எண்ணிக்கை எவ்வளவு ஆடுகிறது என்று பார்த்திருக்கிறாள். பாதிக்கு மேல் வித்தியாசம், அதுவும் ஒன்றுமே இல்லாததற்கு! அப்புறம் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டுக் காட்டினாள். நூறு பேர் பார்த்தால் ஒருவர் கிளிக் செய்கிறார் என்று வையுங்கள். நிறத்தை மாற்றியதால் அது ஒன்றே கால் பக்கம் நகர்ந்ததா, சரியாகச் சொன்னால் 1 சதவீதம் 1.2 ஆனதா என்று ஓரளவு நம்பிக்கையோடு சொல்ல, ஒவ்வொரு நிறத்தையும் சுமார் 40,000 தடவை காட்டியாக வேண்டும். எங்கள் தெருத் தம்பியின் பத்திரிகைத் தளத்துக்கு நாளைக்கு அறுபது எழுபது பேர் வருவார்கள். கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

கூகுள் மாதிரி இடத்தில் இதைச் செய்ய முடிகிறது. இரண்டு நீலத்தில் எது என்று முடிவுக்கு வர முடியாமல் இடையில் 41 நீலங்களைச் சோதித்தார்கள் என்று, அங்கே வடிவமைப்பாளராக இருந்த டக்ளஸ் போமன் 2009-இல் வேலையை விட்டபோது சலிப்போடு எழுதினார். விளம்பர இணைப்புகளுக்குப் பச்சை சாய்ந்த நீலத்தைவிட ஊதா சாய்ந்த நீலம் கூடுதல் கிளிக் வாங்கியது, அதனால் வருடத்துக்கு 20 கோடி டாலர் கூடுதலாக வந்தது என்று அந்த நிறுவனத்தின் பிரிட்டன் அதிகாரி டான் காப்லி 2014-இல் சொன்னார். எங்கள் அச்சுப் பாஷையில், சியான் என்ற நீல மையில் மெஜந்தா என்ற ரோஸ் மையை ஒரு பொட்டு ஏற்றியிருக்கிறார்கள். கேட்க ஆச்சரியமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தப் பொட்டை உணரும் அளவுக்குக் கூட்டம் வருகிற இடம் உலகத்திலேயே கொஞ்சம்தான்.

ஆட்சென்ஸ் விளம்பரங்களில் எங்களுக்கு எந்த நிறம் எவ்வளவு தந்தது என்று சொல்லலாமே என்று கேட்பீர்கள். சொல்லக் கூடாது. கிளிக் விகிதத்தை வெளியே சொல்லக் கூடாது என்பது அவர்களோடு போட்ட ஒப்பந்தம். இந்தக் கடிதத்தில் தளத்தின் பெயரும் என் பெயரும் இல்லாததற்கு அதுவும் ஒரு காரணம். எங்கள் சொந்தப் பேனரின் கணக்கு எங்களுடையது, அதைச் சொல்கிறேன்.

அடுத்த கார்த்திகையில் கோல நோட்டுக்கு இரண்டு பேனர் வைத்தோம். இந்தத் தடவை நிஜமாகவே இரண்டு. ஒன்று மஞ்சளில் சிவப்பு எழுத்து, சுற்றிலும் கட்டம். பார்த்தாலே விளம்பரம் என்று தெரியும். இன்னொன்று, தளத்தில் இருக்கும் "அடுத்த கோலம்" பட்டனின் அதே பச்சையில், அதே அகலத்தில். பச்சையை யோசித்தவன் நான்தான். மூன்று வாரத்தில் பச்சைக்கு 214 கிளிக், மஞ்சளுக்கு 67. இந்த வித்தியாசத்தை ஆட்டம் என்று தள்ள முடியாது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. சாயங்காலம் மருமகள் வாட்ஸப்பில் வந்த ஆர்டர்களைப் பிரித்து எழுதினாள். பச்சை வழியாக வந்து வாங்கியவர்கள் மூன்று பேர். மஞ்சள் வழியாக ஒன்பது பேர். பச்சையைத் தொட்டவர்களில் பெரும்பாலோர் வந்த வேகத்தில் திரும்பிப் போயிருந்தார்கள். அவர்கள் தேடிவந்தது அடுத்த கோலத்தை. நான் அவர்கள் கையில் நோட்டைத் திணித்திருக்கிறேன்.

எனக்கு உடனே பழைய லேபிள் ஞாபகம் வந்தது. எண்பதுகளில் தீப்பெட்டி லேபிள் அடித்துக்கொண்டிருந்தபோது சில பார்ட்டிகள் நன்றாக ஓடுகிற வேறொருவர் லேபிளைக் கொண்டுவந்து மேஜையில் வைப்பார்கள். "இதே மஞ்சள், இதே சிவப்பு. படத்த மட்டும் லேசா மாத்திக்குங்க" என்பார்கள். அங்கே கிளி இருந்தால் இங்கே புறா. அங்கே இடது பக்கம் பார்த்தால் இங்கே வலது. பெட்டிக்கடையில் எழுத்தைப் படித்து யார் தீப்பெட்டி வாங்குகிறார்கள்? நிறத்தைப் பார்த்து எடுத்துக்கொண்டு போவார்கள். சரக்கும் ஓடத்தான் செய்தது. அடித்தவனில் நானும் ஒருவன், மறைக்க ஒன்றுமில்லை. அதை விற்பனை என்று கணக்கெழுதியவர்கள் கொஞ்ச நாளில் கோர்ட்டுக்கும் அலைந்தார்கள்.

இணையத்தில் இந்த ஆசை ஏன் வருகிறது என்பதும் புரிகிறது. 1994 அக்டோபர் 27-இல் ஹாட்வயர்டு என்ற இணையப் பத்திரிகையில் ஏடி அண்ட் டி என்ற அமெரிக்கத் தொலைபேசி நிறுவனம் கொடுத்த பேனர், கறுப்புப் பட்டையில் பல வண்ண எழுத்து, பார்த்தவர்களில் 44 சதவீதம் பேரைத் தொடவைத்தது என்பார்கள். அப்போது அது வேடிக்கைப் பொருள். இப்போது பேனருக்கு நூற்றுக்கு ஒன்று தேறினால் அதிர்ஷ்டம். நாலே வருடத்தில், 1998-இல், ரைஸ் பல்கலைக்கழகத்தில் சோதித்துப் பார்த்தபோதே, தேடுகிற விஷயம் பளிச்சென்ற வண்ணப் பட்டைக்குள் இருந்தும் ஆட்கள் அதைத் தாண்டிப் போனார்கள். பட்டை என்றாலே விளம்பரம் என்று கண் பழகிவிட்டது. பளிச்சென்று இருந்தால் ஒதுக்குகிறார்கள், அதனால் விளம்பரத்துக்குச் செய்தியின் சட்டையை மாட்டிவிடு என்று போய்விட்டார்கள்.

பெரிய நிறுவனங்களும் அதைத்தான் செய்தன. கூகுள் தேடலில் விளம்பரத்துக்குப் பின்னால் ஒரு காலத்தில் லேசான நிறப் பட்டை இருக்கும். அது வருடா வருடம் வெளுத்துக்கொண்டே வந்தது. நிறம் கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு வெளுத்துவிட்டது, விளம்பரத்தைத் தெளிவாகப் பிரித்துக் காட்டுங்கள் என்று அமெரிக்காவில் வணிகத்தைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான ஃபெடரல் டிரேட் கமிஷன் 2013 ஜூனில் தேடல் நிறுவனங்களுக்குக் கடிதம் அனுப்பியது. பட்டை போய், விளம்பரம் என்று காட்ட மஞ்சளில் ஒரு சின்ன முத்திரை வந்தது. 2016-இல் அது பச்சையாயிற்று, விளம்பர முகவரியும் அதே பச்சை. மறு வருடம் பச்சைக் கோடு மட்டும் மிஞ்சியது. 2020 ஜனவரியில் கணினித் திரையில் வெறும் கறுப்பு எழுத்தானது. நான்கு வண்ணத்தில் ஆரம்பித்து ஒற்றை வண்ணத்துக்கு இறங்கிய வேலை. பிரஸ்ஸில் இப்படி இறங்கினால் செலவு குறைப்பு என்போம். இவர்களுக்கு எதற்கு என்று யோசித்துக்கொள்ளலாம்.

இப்போது உங்கள் பேப்பரின் இணையதளத்துக்கு வருகிறேன். அச்சுப் பதிப்பில் நீங்கள் ஒழுங்கு. செய்தி மாதிரி அமைந்த விளம்பரத்துக்குச் சுற்றிலும் கோடு போட்டு, மேலே 'விளம்பரம்' என்று பொடி எழுத்தில் போடுகிறீர்கள். இணையதளத்தில் அப்படி இல்லை. செய்திக்கு நடுவே நீங்கள் வைக்கும் "இதையும் படிக்க" பெட்டி வெளிர் நீலம், தலைப்பு கருநீலம். அதற்கு அடுத்து வரும் மூட்டுவலித் தைலப் பெட்டியும் அதே வெளிர் நீலம், அதே கருநீலம். 'விளம்பரம்' என்ற சொல் வெளிர் சாம்பலில் வலது மூலையில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. போனை வெயிலில் பிடித்தால் எனக்கே அது தெரியவில்லை. மெஷினில் நின்ற நாளில் ஒரு நிறம் இன்னொரு நிறத்தின் மேல் அரைப்புள்ளி தள்ளி விழுந்தாலும், அந்த ரெஜிஸ்டர் தப்பைக் கண்ணாலேயே பிடித்தவன் நான்.

சாத்தூரில் இருக்கும் என் அக்காவுக்கு 71 வயது. உங்கள் தளத்தில் ராசிபலனும் சமையல் குறிப்பும் விடாமல் பார்ப்பார். போன மாதம் ஒரு வடகக் குறிப்பில் கீழே வந்த பச்சைப் பட்டனை அடுத்த பக்கம் என்று தொட்டுவிட்டார். ஏதோ ஒரு ஆப் இறங்கி, போனில் நாள் முழுக்க லோன் வேண்டுமா என்று கேட்டுக்கொண்டிருந்தது. நான்தான் போய் எடுத்துவிட்டு வந்தேன். "பார்த்துத் தொடக் கூடாதாக்கா" என்றேன். "பச்சைன்னா போகலாம்னுதானடா அர்த்தம்?" என்று கேட்டார். எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை. கார்த்திகையில் நான் வைத்த பச்சையும் அதே பச்சைதான்.

அந்தக் கிளிக்கும் உங்கள் கணக்கில் ஏறியிருக்கும். ஆனால் அதனால் உங்களுக்கு என்ன வந்தது? தவறுதலாக விழுகிற கிளிக் என்று தெரிந்தால் கூகுளே அதைக் கழித்துவிடும், சில இடங்களில் இரண்டாவது தடவை தொட்டால்தான் உள்ளே விடும். 2024-இல் ஆட்சென்ஸ் தன் கூலி முறையையே மாற்றி, கிளிக்குக்குப் பதில் காட்டிய தடவைக்கு என்று ஆக்கிவிட்டது. நம் நாட்டிலும் 2023 நவம்பர் 30-இல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட வழிகாட்டுதலில், நுகர்வோரை ஏமாற்றும் 13 உத்திகளின் பட்டியல் இருக்கிறது. விளம்பரத்துக்குச் செய்தி வேடம் போடுவது அதில் ஒன்று.

கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. இணையதளத்தில் விளம்பரப் பெட்டிக்கு உங்கள் செய்திப் பெட்டி எதிலும் இல்லாத ஒரு நிறத்தைக் கொடுங்கள். எந்த நிறமானாலும் சரி, வெளிர் மஞ்சள் நன்றாக இருக்கும். அச்சில் போடுவதுபோலச் சுற்றிலும் ஒரு கோடு. 'விளம்பரம்' என்பதைக் கறுப்பில் இடது மூலையில் போடுங்கள், நாம் இடமிருந்து படிக்கிறவர்கள். கிளிக் குறையும். எங்களுக்கும் குறைந்தது. பச்சைப் பேனரை எடுத்த பிறகு நோட்டு விற்பனை ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. "அடுத்த கோலம்" வேலை செய்யவில்லை என்று வந்துகொண்டிருந்த திட்டு மட்டும் நின்றுவிட்டது.

தெருத் தம்பியிடம் சொல்லிவிட்டேன். ஆர்டர் பட்டனை வெள்ளையாக்கச் சம்மதித்திருக்கிறார், அவர் அம்மாதான் வெள்ளை வேண்டாம் என்கிறார். கடைசியில் சந்தன நிறத்துக்கு இறங்கி வந்திருக்கிறார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆப்செட் மெஷின்மேன்,
சிவகாசி.

பின்குறிப்பு: அதே ஞாயிறு இணைப்பின் நான்காம் பக்கத்தில் மெஜந்தா லேசாக இடது பக்கம் தள்ளி விழுந்திருக்கிறது. நடிகையின் உதடு கன்னத்தில் இருக்கிறது. மெஷினில் நிற்கிறவரிடம் பிளேட்டைப் பார்க்கச் சொல்லுங்கள்.